பேய் வரலாம், ஆனா ராத்திரி எல்லாரும் தூங்கணும்: எங்க வீட்டு சனிக்கிழமை பேய் காமெடி படங்கள்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி குடும்பமா உக்காந்து ஒரு பேய் காமெடி போட்டோம். பேரு சொல்லல, பாத்தவங்க எல்லாருமே செம சிரிப்பு படம்னுதான் சொன்னாங்க. முதல் பாதி முழுக்க என் சின்னவ, அப்ப ஆறு வயசு, சோஃபால உருண்டு உருண்டு சிரிச்சா. பேய் கதவுக்குப் பின்னாடி நிக்குது சிரிக்கிறா, கட்டில் தானா நகருது சிரிக்கிறா, தலைகீழா தொங்குது அதுக்கும் சிரிக்கிறா. இன்டர்வலுக்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் வந்துச்சு. அந்தப் பேய் உயிரோட இருந்தப்ப யாரு, அவங்கள எப்படி கொன்னாங்கன்னு ஒரு இருபது நிமிஷம். சின்னவ சிரிப்ப நிறுத்திட்டா, மெதுவா வந்து என் மடியில ஏறி உக்காந்துட்டா. படுக்கப் போறப்ப கேட்டா, "அம்மா, அந்த அக்கா ஒண்ணுமே பண்ணலையே, அவங்கள எதுக்கு கொன்னாங்க?" அடுத்த பத்து நாளும் இதே கேள்விதான். பேயப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

அதுக்கப்புறம் நான் படம் தேர்ந்தெடுக்கிற விதமே மாறிடுச்சு. பேய் எவ்ளோ கோரமா இருக்கு, எத்தனை தடவ வருதுன்னு பாக்குறத விட்டுட்டேன். அது எப்படி பேயாச்சுன்னு மட்டும் முதல்ல பாக்குறேன். சின்னப் பிள்ளைங்களுக்கு வெள்ளை முகமும் விரிச்ச தலைமுடியும் ஒரு விளையாட்டு மாதிரி, ரெண்டு தடவ பாத்தா பழகிடும். மனுஷன் மனுஷனுக்கு பண்ற கொடுமை பழகாது, பழகவும் கூடாது. இந்த ஒண்ண வச்சுக்கிட்டு ஒரு வருஷமா வாராவாரம் பாத்ததுல எது தேறுச்சு எது தேறலன்னு சொல்றேன். வீட்ல எனக்கு 13 வயசுல ஒரு பையன், இப்ப 7 வயசாகுற சின்னவ, எங்க அம்மா, அப்புறம் இவர். நாலு பேருக்கும் ஒத்துவர்ற படம்தான் எனக்கு வேணும், ஒருத்தர் எழுந்து உள்ள போயிட்டாக்கூட அது குடும்பப் படம் இல்லன்னுதான் நான் வச்சிருக்கேன்.

முதல்ல நம்ம தமிழ்ப் படங்க. 2011ல காஞ்சனா வந்து பெரிய ஹிட் ஆனதுக்கு அப்புறம் பேய் காமெடின்னா இப்படித்தான்னு ஒரு அச்சு விழுந்துடுச்சு. ஒரு பங்களா, அதுக்குள்ள ஏழெட்டு காமெடி நடிகருங்க, இன்டர்வல்ல ஹீரோ உடம்புல பேய், அப்புறம் ஃப்ளாஷ்பேக், அப்புறம் பழிவாங்கல். காஞ்சனாவையே எடுத்துக்கோங்க. சரத்குமார் பண்ண அந்த திருநங்கை கேரக்டருக்கு அவ்ளோ மரியாதை குடுத்து எழுதியிருப்பாங்க, அந்த போர்ஷன்ல எங்க அம்மா அழுதுட்டாங்க. ஆனா நிலத்துக்காக காஞ்சனாவையும் அவங்களுக்கு அடைக்கலம் குடுத்த குடும்பத்தையும் கொல்ற சீன் ஏழு வயசுக்கு ஆகவே ஆகாது. இன்னொண்ணும் இருக்கு. காஞ்சனா உள்ள புகுந்ததும் லாரன்ஸ் நளினமா நடக்குறத முதல்ல சிரிக்கிறதுக்குத்தான் வச்சிருக்காங்க, அப்புறம் அதே காஞ்சனாக்காக அழச் சொல்றாங்க. பதிமூணு வயசுப் பையன்கிட்ட இத உக்காந்து பேசலாம், நாங்க பேசினோம், நல்லாவும் இருந்துச்சு. சின்னவளுக்கு அந்த சிரிப்பு மட்டும்தான் மனசுல தங்கும், அது எனக்கு வேண்டாம். அதனால காஞ்சனா பெரியவங்க மட்டும் பாக்குற படம், மோசமான படம்னு இல்ல, சனிக்கிழமை சோஃபாக்கு வந்தது இல்ல, அவ்ளோதான்.

சந்திரமுகி கொஞ்சம் வேற மாதிரி. 2005ல வந்தது, 1993 மலையாளப் படம் மணிச்சித்திரத்தாழ் கதை. அதுல பேயே கிடையாது, கங்காவுக்கு மனசுலதான் பிரச்சனைன்னு கடைசில சொல்லிடுவாங்க. இத சின்னவகிட்ட படம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், "இதுல பேய் இல்லடா, அந்த ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் வந்து சரி பண்ணிடுவாரு"ன்னு. பையன் சஸ்பென்ஸ உடைச்சுட்டியேம்மான்னு கத்துனான், கத்தட்டும். அவ படம் முழுக்க டாக்டர் எப்ப சரி பண்ணுவாருன்னே பாத்துக்கிட்டிருந்தா. வடிவேலு ரஜினி பின்னாடியே ஒட்டிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போற சீன நாலு தடவ ரீவைண்ட் பண்ணச் சொன்னா. ஜோதிகா கண்ண உருட்டுறப்ப மட்டும் பாட்டி பக்கம் திரும்பிக்கிட்டா. ராஜா தலைய வெட்டுற அந்த பழைய கதை போர்ஷன நான் ஓட்டி விட்டுட்டேன், ஓட்டி விட்டாலும் கதை புரியும்.

இத விட பழசுக்குப் போனா இன்னும் பத்திரம். 1967ல வந்த பட்டணத்தில் பூதம், ஜாடியத் திறந்தா பூதம், ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவா வருவாரு, கூட ஜெய்சங்கர், நாகேஷ். அந்த பூதத்துக்கு யார் மேலயும் கோவமே கிடையாது, நல்லது பண்ணணும்னு கெளம்பி எல்லாத்தையும் குழப்புது, அவ்ளோதான் மொத்தப் படமும். யாரையும் கொன்னு பூதமாக்கல, சும்மா அடைஞ்சு கெடந்தது வெளிய வந்துச்சு. பயம்னு பாத்தா பத்துக்கு ஒண்ணு கூட தேறாது, ஆனா சிரிப்பு இன்னைக்கும் நிக்குது, எங்க அம்மா ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கிட்டே பாத்தாங்க, நடுவுல பாட்டுங்க நீளம்தான், சின்னவளுக்கு பொறுமை போயிடுச்சு, ரெண்டு பாட்ட தாண்டினோம். கல்யாணராமன் (1979) கொஞ்சம் யோசிச்சுப் போடணும். அந்த எத்துப்பல்லு கல்யாணம் அவ்ளோ வெள்ளந்தியான ஆளு, பிள்ளைங்களுக்கு ரொம்பப் புடிக்கும், அவனப் போய் கொன்னுடறாங்க. ஆவியா வந்து தம்பி உடம்புல புகுந்து பண்ற லூட்டி எல்லாம் பிரமாதம்தான், இருந்தாலும் அந்த சாவு மனசுல நிக்கும். சின்னவளுக்கு ஒன்பது பத்து வயசாகட்டும்னு எடுத்து வச்சிருக்கேன்.

மை டியர் குட்டிச்சாத்தான் பத்தி தனியா சொல்லணும். 1984, இந்தியாவோட முதல் 3டி படம், மலையாளத்துல எடுத்து தமிழ்லயும் டப் பண்ணாங்க, மியூசிக் இளையராஜா. மூணு பிள்ளைங்க, மந்திரவாதிகிட்ட அடிமையா மாட்டிக்கிட்ட ஒரு குட்டிச்சாத்தான், அவங்களுக்குள்ள வர்ற சிநேகம். பசங்க செவுத்துல நடந்து கூரையில ஆடுவாங்களே அந்தப் பாட்டு, அதுக்காக ரூம் மாதிரி ஒரு செட்டு போட்டு அத அப்படியே சுத்தினாங்க, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எதுவும் கிடையாது. இத சொன்னதும் என் பையன் படத்த நிறுத்தி மறுபடி மறுபடி ஓட்டி எந்த எடத்துல செட்டு திரும்புதுன்னு கண்டுபிடிக்கப் பாத்தான். மந்திரவாதி வர்ற எடம் கொஞ்சம் பயம் காட்டும், குட்டிச்சாத்தான் குடிக்கிற சீன் ஒண்ணு இருக்கு, அத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஆனா குட்டிச்சாத்தான் ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா பதில் ஒரே வரிதான், ஒருத்தன் பிடிச்சு வச்சிருக்கான், விடுவிக்கணும். பிள்ளைங்க மனசுல பாரம் ஏறாது, பொறுப்புதான் ஏறும், நாமதான் காப்பாத்தணும்னு. என் வரைக்கும் ஏழு வயசுக்கு மேல யாருக்கும் தயங்காம போடலாம்.

இந்திப் படம் பூத்நாத்தும் (2008) இந்த வகைதான், ஆனா இங்க அழுகை ஜாஸ்தி. அமிதாப் பேய், புதுசா குடி வந்த வீட்டுப் பையன் பங்குவுக்கு அவரு கண்ணுக்குத் தெரிவாரு, அவர் பயமுறுத்தினாலும் பையன் பயப்பட மாட்டேங்குறான். முதல் ஒரு மணி நேரம் வீடே கலகலன்னு இருந்துச்சு. அந்தத் தாத்தா பேயானதுக்குக் காரணம் கொலை இல்ல, விட்டுட்டுப் போன மகன். இது பிள்ளைங்கள விட பெரியவங்களத்தான் போய் தைக்குது. படம் முடிஞ்சதும் எங்க அம்மா ஒண்ணும் பேசாம எழுந்து போயி லைட்ட போட்டாங்க, இவர் போயி அவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. வீட்ல வயசானவங்க இருந்தா அந்தக் கடைசி அரை மணி நேரத்த நீங்க தனியா ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

சத்யஜித் ரே எடுத்த கூபி காயின் பாகா பாயின் (1969) எங்க வீட்ல எதிர்பாராத ஹிட். கருப்பு வெள்ளை, வங்காளம், சப்டைட்டில், சின்னவளுக்கு நான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். பாடத் தெரியாத ஒருத்தன், மேளம் வாசிக்கத் தெரியாத ஒருத்தன், ரெண்டு பேரையும் ஊரே தொரத்துது, காட்டுல மாட்டிக்கிறாங்க, அங்க பூதங்களோட ராஜா வந்து மூணு வரம் தர்றாரு. அதுக்கு முன்னாடி ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு பேய் நடனம், வசனமே கிடையாது, தாளம் மட்டும். அந்த தாளத்துக்கு சின்னவ எழுந்து டிவி முன்னாடி நின்னு ஆடிட்டா. இப்படி ஒரு பேய் சீன் வேற எந்தப் படத்துலயும் நான் பாக்கல, பயமா இருக்கணும் ஆனா பயமா இல்ல, அழகா இருக்கு. கதை ரேயோட தாத்தா உபேந்திரகிஷோர் எழுதினது, மகன் சந்தீப் கேட்டுக்கிட்டான்னுதான் ரே அத படமா எடுத்தாரு, ஒருவேளை அதனாலதானோ என்னவோ பிள்ளைங்களுக்கு இவ்ளோ பொருந்துது. ரெண்டு மணி நேரம் போகுது, ரெண்டு ராத்திரியா பிரிச்சுப் பாருங்க.

இப்ப இங்கிலீஷ் படங்க, இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. பிஜின்னு, அதாவது பெத்தவங்க பாத்து முடிவு பண்ணணும்ங்கிற அமெரிக்க ரேட்டிங் பாத்துட்டு பிள்ளைங்களுக்கு ஆகும்னு போட்டுடறோம். 1984 ஜூன் 8, ஒரே நாள்ல கோஸ்ட்பஸ்டர்ஸும் க்ரெம்லின்ஸும் ரிலீஸ் ஆச்சு, ரெண்டுமே பிஜி. க்ரெம்லின்ஸ்ல அந்தக் குட்டிப் பிசாசுகள மிக்ஸில போட்டு அரைக்கிறாங்க, மைக்ரோவேவ்ல வச்சு வெடிக்க விடுறாங்க, பெத்தவங்க பயங்கரமா கோவப்பட்டாங்க. அந்தப் படமும் அதே வருஷம் வந்த ஒரு இந்தியானா ஜோன்ஸ் படமும் கெளப்பின சத்தத்துலதான் ஜூலைல இருந்து பிஜி-13ன்னு ஒரு புது வகையே கொண்டு வந்தாங்க. அதனால 84க்கு முந்துன பிஜிக்கும் இப்ப வர்ற பிஜிக்கும் சம்பந்தமே இல்லன்னு வச்சுக்கோங்க. க்ரெம்லின்ஸ்ல அந்தப் பொண்ணு தன் அப்பாவப் பத்தி சொல்ற கிறிஸ்துமஸ் கதை வேற இருக்கு, சின்னப் பிள்ளைங்க அத கேக்கவே கூடாது, சான்டா கிளாஸ நம்புற வயசுன்னா இன்னும் கூடாது.

கோஸ்ட்பஸ்டர்ஸ் எனக்கு ரொம்பப் புடிச்ச படம், அதனாலயே தெளிவா சொல்றேன். ஆரம்பத்துலயே லைப்ரரில ஒரு பாட்டிப் பேய் அமைதியா புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கும், கிட்ட போனதும் திடீர்னு முகம் மாறி சீறும். படத்துலயே பெரிய பயம் அதுதான், அதத் தாண்டிட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி. இன்னொரு எடத்துல நாற்காலிக்குள்ள இருந்து கைங்க வந்து அந்தப் பொண்ண பிடிக்கும், அதுவும் கொஞ்சம் கஷ்டம். நடுவுல பெரியவங்களுக்கான ஜோக்குங்க உண்டு, ஒரு கனவு சீன் வரும், அத ஓட்டிடுங்க. மத்தபடி இந்தப் பேய்ங்களுக்கு அழ வைக்கிற பழைய கதை கிடையாது, பைப்பு ரிப்பேர் பண்ண வர்ற மாதிரி நாலு பேரு வந்து பேய் பிடிச்சுட்டுப் போறாங்க. பயத்த ஒரு வேலையா மாத்திட்டாங்க பாருங்க, பிள்ளைங்களுக்கு அதுதான் தெம்பு குடுக்குது. கடைசில வர்ற அந்த மார்ஷ்மெல்லோ பொம்மைய பாத்துட்டு என் பையன் இது எப்படி வில்லன்னு கேட்டு கேட்டு சிரிச்சான். பத்து வயசுல இருந்து போடலாம்.

பீட்டில்ஜூஸ் (1988) போஸ்டர பாத்தா பிள்ளைங்க படம் மாதிரியே இருக்கும். இறந்து போன ஒரு புருஷன் பொண்டாட்டி தங்களோட வீட்ட புதுசா வந்தவங்ககிட்ட இருந்து காப்பாத்தப் பாக்குறாங்க, சாப்பாட்டு மேசைல விருந்தாளிங்க எல்லாரும் தன்னையறியாம ஆடுற சீன் ஒண்ணு போதும் படத்துக்கு. ஆனா அதுல செத்தவங்க ஆபீஸ் ஒண்ணு வரும், அங்க உக்காந்திருக்கவங்க எப்படி செத்தாங்கங்கிறது உடம்புலயே தெரியும், தற்கொலைய வச்சு ஜோக் இருக்கு, அந்த டீனேஜ் பொண்ணு கடிதம் எழுதுற சீனும் இருக்கு. பேயான கதைய காமெடி ஆக்கினாலும் அது அந்தக் கதைதான். பதிமூணு வயசுப் பையன தனியா பாக்க விடாம நான் கூட உக்காந்தேன், அப்படித்தான் பாக்கணும்னு சொல்வேன்.

கேஸ்பர் (1995) சின்னவளோட ஃபேவரிட். முழுசா கம்ப்யூட்டர்லயே செஞ்ச ஒரு கேரக்டர ஹீரோவா வச்சு வந்த முதல் முழுநீளப் படம் இதுதான், இன்னைக்கும் பாக்க உறுத்தல. ஆனா இங்கயும் என் கேள்வி வருது. கேஸ்பர் எப்படி செத்தான்? பனில ரொம்ப நேரம் விளையாடி காய்ச்சல் வந்து செத்தான், அவனே அந்தப் பொண்ணுகிட்ட சொல்றான், ரொம்ப மெதுவா சொல்றான், ரத்தம் இல்ல, வில்லன் இல்ல. அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்ல, அந்த அம்மாவும் கடைசில ஒரு நிமிஷம் வர்றாங்க. சமீபத்துல யாரையாவது இழந்த வீடுன்னா இந்தப் படத்த இப்போதைக்கு தள்ளி வைங்க. மத்த வீட்டுக்கு, சாவப் பத்தி ஒரு பிள்ளைகிட்ட முதல் தடவ பேசுறதுக்கு இதவிட நல்ல சாக்கு கெடைக்காது. சின்னவ அன்னைக்கு கேட்ட கேள்வி, "செத்தா ஃப்ரெண்ட்ஸ் மறந்துருவாங்களாம்மா?" அதுக்கு பாட்டி பதில் சொன்னாங்க, நான் சொல்ல வேண்டி வரல.

ஹோட்டல் ட்ரான்சில்வேனியா (2012) ஒன்றரை மணி நேரம், பேய்ங்கதான் மனுஷங்களப் பாத்து பயப்படுது, டிராகுலா ஒரு பாசக்கார அப்பா. ஐந்து வயசுல இருந்து ஓகே. வேகம் ஜாஸ்தி, எங்க அம்மாவுக்கு தலை சுத்துச்சு. ஹோகஸ் போகஸ் (1993) மூணு சூனியக்காரி அக்கா தங்கச்சிங்க, நல்ல ரகளை, ஆனா ஆரம்பத்துலயே ஒரு சின்னப் பொண்ணு உயிர உறிஞ்சுறது இருக்கு, அப்புறம் மெழுகுவத்திய யாரு ஏத்தணும்ங்கிற விஷயத்துல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும், அதுக்கு அர்த்தம் கேட்டா பதில் தயாரா வச்சுக்கோங்க. கோரலைன் (2009), மான்ஸ்டர் ஹவுஸ் (2006) ரெண்டும் கார்ட்டூன் மாதிரி இருக்கேன்னு போட்டுடாதீங்க, கோரலைன் காமெடியே கிடையாது, அந்த பட்டன் கண்ணு அம்மா எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

களிமண் பொம்மைங்க வச்சு எடுத்த வாலஸ் அண்ட் க்ரோமிட் படம், தி கர்ஸ் ஆஃப் தி வேர் ராபிட் (2005), இதுதான் என் நம்பர் ஒன். ராத்திரி ராத்திரி ஒரு ராட்சஸ முயல் வந்து ஊர்க்காரங்க போட்டிக்கு வளத்த காய்கறிய எல்லாம் தின்னுட்டுப் போகுது. பழைய பேய்ப் படத்துல வர்ற எல்லாம் இருக்கு, பௌர்ணமி, மூடுபனி, சர்ச்சு, தீப்பந்தம், ஆனா பலி என்னமோ கேரட்டும் பூசணியும்தான். பொம்மைங்க மேல செஞ்சவங்க விரல் ரேகை அங்கங்க தெரியும், சின்னவ அதத் தேடுறதயே ஒரு விளையாட்டாக்கிட்டா. அந்த நாய் க்ரோமிட் ஒரு வார்த்தை பேசாது, புருவம் மட்டும்தான், அந்தப் புருவத்துலயே நாலு பேரும் சிரிச்சோம். ஆஸ்கர் வாங்குன படம், 85 நிமிஷம்.

இதுக்கு அடுத்தது 1948ல வந்த அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃப்ராங்கன்ஸ்டைன். பேய் காமெடி எப்படி எடுக்கணும்னு அதப் பாத்துக் கத்துக்கலாம். டிராகுலாவா பேலா லுகோசி, ஓநாய் மனுஷனா லான் சேனி ஜூனியர், ரெண்டு பேரும் நிஜ பேய்ப் படத்துல நடிச்ச மாதிரியே முறைச்சுக்கிட்டு நடிக்கிறாங்க, ஒரு எடத்துலயும் காமெடி பண்ண ட்ரை பண்ணல. காமெடியன் காமெடி பண்றான், பேய் பேயா நிக்குது, சிரிப்பு ரெண்டுக்கும் நடுவுல வருது. இப்ப வர்ற நிறைய படங்கள்ல பேயும் கவுன்டர் அடிக்குது, அப்புறம் எங்க பயம் எங்க சிரிப்பு. இதுலயும் பேய்க்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது.

பாக்குற விதத்துல ரெண்டு மூணு விஷயம். பயம் முக்கால்வாசி சத்தத்துலதான் இருக்கு. பிள்ளைங்க கண்ண மூடிக்கிறாங்க, ஆனா தூக்கிப் போடுறது காது வழியா வர்றது. சின்னவளுக்கு காதப் பொத்திக்கோ கண்ணத் தொறந்து பாருன்னு சொல்லிக் குடுத்தேன், அன்னையில இருந்து அவளே சமாளிக்கிறா. சவுண்ட் பார் இருந்தா பேஸ் குறைங்க. ரூம்ல ஒரு லைட்டு எரியட்டும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மா சொல்லல, படம் முடிஞ்சு பாத்ரூம் போறப்பதான் அது தெரியும். முடிஞ்சா புதுப் படத்தோட கடைசி நாப்பது நிமிஷத்த முந்துன நாள் ராத்திரியே நீங்க தனியா பாத்துடுங்க, ஏன்னா பேயோட கதை அங்கதான் ஒளிஞ்சிருக்கும், ஆப்ல போட்டிருக்க ஃபேமிலிங்கிற லேபிள் அத சொல்லாது. நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா பட்டுனு அணைக்காதீங்க, அணைச்சா மீதிய பிள்ளை மனசுலயே ஓட்டிக்கும், அது படத்த விட மோசமா இருக்கும். முடிவ வாய்ல சொல்லி முடிச்சுடுங்க, அந்த அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க, அந்தாள போலீஸ் பிடிச்சுட்டாங்கன்னு.

அடுத்த சனிக்கிழமை பாராநார்மன் (2012). நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். செத்தவங்க கண்ணுக்குத் தெரியுற ஒரு பையன், ஆரம்பத்துலயே அவனோட செத்துப் போன பாட்டி சோஃபால உக்காந்து அவன்கூட டிவி பாப்பாங்க. அதுல வர்ற சூனியக்காரி கதை கொடுமையான கதைதான், ஊரே பயந்துபோயி ஒரு சின்னப் பொண்ண கொன்ன கதை, என் விதிப்படி பாத்தா ஒதுக்கியிருக்கணும். ஆனா அந்தப் படம் கொலைய காட்டல, கடைசில அந்தப் பையன் அவகிட்ட உக்காந்து பேசுறான், பழிவாங்கல, கேட்டுக்குறான். போன வருஷம் சின்னவ பத்து நாள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. இந்தப் படத்துல அதுக்கு ஒரு பதில் இருக்கு. அவளுக்கு இன்னும் எட்டு ஆகல, நடுவுல ஜோம்பிங்க வேற வருது, இவருக்கு யோசனையா இருக்கு. பாட்டி பக்கத்துல உக்காரட்டும், லைட்ட போட்டு வைப்போம்னு முடிவு பண்ணியிருக்கோம்.